வெட்டியெடுத்த விடைப் பக்கங்கள்

நினைவு மலர்களில் மறைந்தவர்கள் எல்லோரும் சாந்தமே உருவானவர்களாக இருப்பார்கள். எவர் மனதையும் நோகடித்திருக்க மாட்டார்கள். அக்காவைப் பற்றி அப்படி எழுதினால் அவரை அறிந்த நீங்கள் இந்த மலரை மடித்து வைத்துவிடுவீர்கள். அவர் கோபக்காரர். பிடித்த பிடியை விடாதவர். அவரது ஓராண்டு நினைவு நாளில் எம்முடன் அமர்ந்து உணவருந்த வந்திருக்கும் உங்களுக்கு, அவரை உள்ளபடி சொல்வதே மரியாதை என்று நினைக்கிறேன்.

அக்கா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தார். நான் அவருக்கு இரண்டு வயது இளையவன். அப்பா தபாற் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். ஊரில் ஒரு பாடசாலை பழைய ஆங்கிலப் புத்தகங்களைக் கழித்தபோது, அப்பா ஒரு கட்டு அட்சரகணித (அல்ஜீப்ரா) புத்தகங்களை வாங்கி வந்தார். அவரைவிட வயதான புத்தகங்கள். அட்டை கழன்று, பூச்சி அரித்து, மருந்து வாசம் வீசும். வந்த அன்றே அப்பா சவர அலகை எடுத்து, ஒவ்வொரு புத்தகத்தின் பின்னாலும் இருந்த விடைப் பக்கங்களைச் சுத்தமாக வெட்டியெடுத்து அலுமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இது நடக்கும். விடை கண்ணில் பட்டால் பிள்ளை யோசிக்காது என்பது பெரியவர்களின் முடிவு.

மாலையில் அப்பா கந்தோரால் வந்து, முகம் கழுவி, தேநீர் குடித்த பிறகுதான் அலுமாரி திறக்கும். வெட்டிய பக்கங்களுடன் வந்து எங்கள் பக்கத்தில் இருப்பார். எனது விடைகளைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் ஒன்றும் சொல்லமாட்டார். அக்காவின் விடையைப் பார்த்து "சரி" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அந்தச் சொல்லுக்காக அக்கா பின்னேரம் முழுவதும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பின்னர் அக்கா மகளிர் கல்லூரி ஒன்றில் கணித ஆசிரியையானார். வகுப்பு தமிழில்தான் நடந்தது. ஆனாலும் கணக்குகளை அப்பாவின் ஆங்கிலப் புத்தகங்களிலிருந்தே எடுத்துத் தமிழாக்கிக் கொடுத்தார். ஒருமுறை கல்லூரி நூலகத்துப் புத்தகத்தின் விடைப் பக்கங்களையும் வெட்டிவிட்டார். அதிபர் விளக்கம் கேட்டதற்கு, மற்றப் புத்தகங்களையும் தந்தால் அவற்றையும் வெட்டித் தருவதாகச் சொன்னாராம். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்ட எவருக்காவது பதில் கிடைத்ததாக எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஊரில் நிலைமை கெட்ட பிறகு, முன்பே பாரிசுக்கு வந்துவிட்டிருந்த என்னிடம் அக்காவும் வந்து சேர்ந்தார். அப்பா அப்போது இல்லை. புத்தகங்களும் வரவில்லை. லா சப்பல் மெத்ரோவுக்கு அருகே ஐந்தாம் மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போது கோப்பைகள் சிணுங்கும். அக்கா ஒரு அத்தெலியேயில், அதாவது தையல் பட்டறையில், உடுப்புக்கு இஸ்திரி போட்டு மினுக்கும் வேலைக்குப் போனார். பிரெஞ்சு அவருக்கு வரவில்லை. வரவழைக்க அவர் பெரிதாக மெனக்கெடவும் இல்லை. பிரெஞ்சில் எழுதிய ஒரு சமன்பாட்டைக் காட்டினால் மட்டும், "இது விளங்குது" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் சந்தைக்குப் போவார். அங்கே கரண்டி, விளக்கு, சப்பாத்துக் குவியல்களுக்கு நடுவே எப்படியோ ஓர் ஆங்கில அட்சரகணிதப் புத்தகத்தைக் கண்டுபிடித்துவிடுவார். எவரோ ஒரு வெள்ளைக்காரர் இறந்து, வீட்டுக்காரர் அள்ளிக் கொட்டிய புத்தகமாக இருக்கும். எங்கள் அறையில் சட்டி வைக்க இடமில்லாதபோதும் புத்தகம் வைக்க இடம் வந்தது. வீட்டுக்கு வந்த நண்பர்கள் தேநீர் குடித்து முடிக்குமுன் அக்கா சொல்லும் ஒரு கணக்கையாவது கேட்டுவிட்டே போக வேண்டியிருந்தது. சிலர் பிறகு கீழே நின்றே என்னைக் கூப்பிடப் பழகிக்கொண்டார்கள்.

இந்தக் காலத்தில்தான் அந்தோனி ஐயா எங்களுக்கு அறிமுகமானார். பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு அஞ்சல் சேவையில் இருந்து ஓய்வு பெற்று பொண்டி என்ற புறநகரில் வசித்தார். லா சப்பலுக்குக் கறிவேப்பிலை வாங்க வருபவர், அக்காவின் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு நின்று பேச்சுக் கொடுத்தார். அவர்தான் அக்காவைப் பெரிய நூலகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று, வாசிப்பறைக்கு அனுமதி அட்டையும் எடுத்துக் கொடுத்தார். ஆங்கிலத்தில் முதன்முதலாக எழுதப்பட்ட அட்சரகணித நூல்களின் படிப் பிரதிகளை அக்கா அங்கே பார்த்தார்.

அங்கிருந்து வரும் நாட்களில் அக்காவின் முகமே வேறாக இருக்கும். அந்தப் பழைய நூல்களில் ஆசானும் மாணவனும் பேசிக்கொள்வார்களாம். மாணவன் பிழை விடுவான், ஆசான் திருத்துவார். சமன் என்பதற்குப் போடும் இரண்டு கோடுகளும் இப்போது இருப்பதைவிட மிக நீளமாம். தெரியாத கணியத்தை எழுத்தால் அல்ல, 'பொருள்' என்ற கருத்தில் வரும் சொல்லால் சுட்டுவார்களாம். அதற்குப் பிறகு வந்தவை மாலுமிகளுக்கும், பீப்பாய் அளப்பவர்களுக்கும், ஆசிரியர் எவரும் வாய்க்காமல் தனியே படிப்பவர்களுக்கும் எழுதப்பட்டவை என்றார். அந்த நூல்களில் பல இடங்களில் கணக்கின் அருகிலேயே விடை இருந்ததாகவும் சொன்னார். "அது அந்தக் காலம்" என்று அதை மட்டும் ஒதுக்கிவிட்டார்.

சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் பின் மண்டபத்தில் நடந்த தமிழ் வகுப்பில், அக்கா கணிதமும் சொல்லிக் கொடுத்தார். அதற்காக ஒரு சிறு புத்தகம் எழுதினார். பீப்பாய்களை நல்லெண்ணெய்த் தகரங்களாகவும், மாலுமிகளை மெத்ரோவில் போகிறவர்களாகவும் மாற்றினார். அச்சிடும் பொறுப்பை அந்தோனி ஐயா ஏற்றார். கைப்பிரதியைக் கடைசி வரை புரட்டிவிட்டு அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"டீச்சரம்மா, கடைசியில விடை போடாத கணக்குப் புத்தகத்த நான் பாண்டிச்சேரியிலயும் பார்த்ததில்ல, பாரிசுலயும் பார்த்ததில்ல."

"விடை இருந்தால் பிள்ளை கணக்கைப் பாக்காது. விடையைத்தான் பாக்கும்."

"அப்போ அப்பா அம்மா எதப் பார்ப்பாங்க?"

"பிள்ளையைப் பாக்கட்டும்" என்றார் அக்கா.

அந்தோனி ஐயா என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். புத்தகம் விடையில்லாமலே அச்சாகியது.

சில வாரங்களுக்குப் பின் ஒரு சனிக்கிழமை, வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் ஒரே கணக்குக்கு ஒரே பிழையான விடையை எழுதிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கணக்கு இது: மூன்று பெட்டி மாம்பழங்களில் ஐந்து பழம் அழுகிவிட்டது. மிஞ்சியவை, ஒரு முழுப் பெட்டிப் பழங்களுடன் இன்னும் ஏழு பழங்களுக்குச் சமன். ஒரு பெட்டியில் எத்தனை பழம்? விடை ஆறு. பிள்ளைகள் எழுதி வந்தது ஒன்று. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள் என்று அக்கா வகுப்பையே திட்டித் தீர்த்தார். திருத்த வேண்டிய கொப்பிகளை எடுத்துவர மண்டபத்துக்குப் போயிருந்த நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முன் வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, பிரெஞ்சும் தமிழும் கலந்து, "நோன் ரீச்சர். நான் முதல் ஆறெண்டுதான் எழுதினனான். அம்மா ஒண்டெண்டு மாத்தச் சொன்னவ" என்றாள். கொப்பியில் ஆறு அழிபட்ட அடையாளம் இருந்தது.

அவள் பவளத்தின் மகள். பவளம் ரூ காய் என்ற தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் ரோல்ஸும் வடையும் செய்பவர். வகுப்பு முடிந்ததும் அக்கா நேரே அங்கே நடந்தார். வீதியில் சண்டை வந்துவிடக் கூடாதே என்று நானும் பின்னால் போனேன். பின்னறையில் பவளமும் இன்னும் சில தாய்மாரும் மாவுக் கையோடு இருந்தார்கள். சுவரில் ஒரு விடைத் தாள் ஒட்டியிருந்தது. உணவகத்தில் கோப்பை கழுவும் ஒரு பெடியன் ஊரில் கணிதம் படித்தவனாம். அவனிடம் கெஞ்சி எழுதுவித்து, படிப்பிரதி எடுத்து எல்லோரும் பகிர்ந்திருக்கிறார்கள். பாவம், வேலை அலுப்பில் அவன் கூட்டல் கழித்தலை மாற்றிப் போட்டுவிட்டான்.

"பவளம், உம்மடை கடைக்கு மாம்பழப் பெட்டி எத்தினை பழத்தோடை வரும்?" என்று அக்கா கேட்டார்.

"ஆறு. சில நேரம் எட்டு."

"ஒரு பழத்தோடை வந்திருக்கோ?"

"ஆர் ரீச்சர் ஒரு பழத்தைப் பெட்டியிலை போட்டு அனுப்புவினம்?"

"அப்ப ஏன் பிள்ளைக்கு ஒண்டெண்டு சொன்னனீர்?"

பவளம் தாளைப் பார்த்தார். பிறகு வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். "கணக்கிலை அப்பிடியும் வருமாக்கும் எண்டு நினைச்சம்" என்றார்.

ஒரு பெண் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. விடைத் தாள் எதற்கு, பிள்ளைகளை ஏன் பழுதாக்குகிறீர்கள் என்று தொடங்கினார். பவளம் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"ரீச்சர், பிள்ளை பள்ளிக்கூடத்திலை பிரெஞ்சிலை படிக்குது. வீட்டிலை வந்து பிரெஞ்சிலைதான் பாடமாக்குது. அதுக்குள்ளை எனக்கு இடமில்லை. உங்கடை புத்தகம் தமிழிலை எண்ட உடனை ஆசையா வாங்கினனான். திறந்து பாத்தால் அதுக்குள்ளையும் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. விடை எண்டு ஒண்டு கையிலை இருந்தாலாவது, பக்கத்திலை இருந்து சரியோ பிழையோ எண்டு சொல்லலாம். அதுவும் இல்லாட்டி நான் பக்கத்திலை இருந்து என்ன செய்யிறது?"

"பிள்ளையை அடிச்சனீரோ?" என்று மட்டும் அக்கா கேட்டார். பவளம் இல்லையென்று தலையாட்டினார். நாங்கள் வெளியே வந்தோம்.

பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா தானாகவே சொன்னார்:

"அப்பா விடைப் பக்கத்தை வெட்டினது எங்களுக்கு ஒளிக்கத்தான் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சிருந்தனான். அந்தப் பக்கம் அவரின்ரை கையிலை இருந்தபடியால்தான் தம்பி, அவர் வந்து எங்களுக்குப் பக்கத்திலை இருந்தவர். அப்பாவுக்கு அட்சரகணிதம் தெரியுமோ எண்டுகூட எனக்கு இப்ப சந்தேகமாயிருக்கு."

எனக்கும் அந்தச் சந்தேகம் அதற்கு முன் வந்ததில்லை. அப்பா ஒரு நாளாவது ஒரு கணக்கைச் செய்து காட்டியதாக என் நினைவில் இல்லை.

இரண்டாம் பதிப்பில் விடைகள் வந்தன. அந்தோனி ஐயா, "இதத்தான நான் அப்பவே சொன்னேன்" என்று ஒருமுறைதான் சொன்னார், அதற்காகவும் அவருக்கு நன்றி. ஆனால் அக்கா தன் வழக்கத்தை விட்டுவிடவில்லை. அச்சாகி வந்த ஒவ்வொரு புத்தகத்திலும் விடைப் பக்கங்களைச் சவர அலகால் தானே வெட்டியெடுத்தார். புத்தகத்தைப் பிள்ளையிடமும் வெட்டிய பக்கங்களைத் தாயிடமுமாகக் கொடுத்தார். அவற்றின் தலைப்பில் தாய்மாருக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார். விடையாக வந்த எண்ணைத் தெரியாததன் இடத்தில் போடுங்கள், சமன் குறியின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே கூட்டிக் கழித்துப் பாருங்கள், இரண்டும் சமமாக வந்தால் சரி, இதற்கு அட்சரகணிதம் தெரியத் தேவையில்லை என்பதே அது. அதன் பிறகு ரூ காய்க் கடைப் பின்னறையில் அக்காவுக்கு எப்போதும் ஒரு கதிரை இருந்தது.

கடந்த ஆண்டின் தொடக்கத்தில் அக்காவுக்கு உடல் நலம் குன்றியது. சென் தெனியில் உள்ள மருத்துவமனையில் சேர்த்தோம். பரிசோதனைகள் முடிந்து மருத்துவர் என்னை வெளியே அழைத்துப் பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னார். இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்றார். நோயாளிக்குச் சொல்லக் கூடாது என்பது நம்மவரிடையே உள்ள வழக்கம். உறவினர்களும் தொலைபேசியில் அதையே சொன்னார்கள். என்ன சொல்வது, எதை விடுவது என்று தாழ்வாரத்தில் நின்று யோசித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

அக்கா கட்டிலில் சாய்ந்து இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, விடைப் பக்கம் உன்ரை கையிலைதானே இருக்கு. நான் கணக்கைச் செய்து பாத்திட்டன். கனநாள் இல்லை எண்டுதான் எனக்கு வருது. நீ பக்கத்திலை வந்து இருந்து, சரியோ பிழையோ எண்டு மட்டும் சொல்லு."

நான் கதிரையை இழுத்து அவரருகில் அமர்ந்தேன்.

"சரி அக்கா" என்றேன்.

அவர் தலையை அசைத்தார். பின்னேரம் நெடுநேரம் அப்படியே இருந்தோம். அதன் பின் இருந்த நாட்களில் நாங்கள் எதையும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. யார் யாருக்கு எந்தப் புத்தகம் என்று அக்கா நிதானமாகப் பிரித்துக் கொடுத்தார். வலி கூடியபோது எரிந்து விழுந்தார், தாதிமாரோடு தமிழிலேயே சண்டை பிடித்தார். ஒரு காலை அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். எனக்கு இன்னும் அவர் இல்லாதது பெரும் துயரமாகவே இருக்கிறது.

அக்காவின் நோய்க்காலத்தில் நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பவளத்துக்கும், இறுதிக் கிரியைகளுக்கான காகித வேலைகளை ஓடியோடி முடித்துத் தந்த அந்தோனி ஐயாவுக்கும், மலர்வளையத்துடன் வந்த வகுப்புப் பிள்ளைகளுக்கும், அவர்களது பெற்றோருக்கும், தொலைவிலிருந்து துயர் பகிர்ந்தவர்களுக்கும் எம் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. அந்த விடைத் தாளைப் பிழையாக எழுதிய பெடியனுக்கும் நன்றி. அவரும் இன்று பந்தியில் இருக்கிறார்.

இம்மலரின் கடைசி இரண்டு பக்கங்களில் அக்காவின் புத்தகத்து விடைகளைத் திரும்பவும் அச்சிட்டிருக்கிறோம். ஓரத்தில் கோடு போட்டிருக்கிறது. அதன் வழியே வெட்டியெடுத்து நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கணக்கை முடித்ததும், போய்ப் பக்கத்தில் இருங்கள்.