எங்களுக்குத் தேர்வு வைத்த தனலட்சுமி டீச்சர்

செவ்வாய்க்கிழமை இரண்டாவது மணி அடித்த சிறிது நேரத்தில் பியூன் ராஜமாணிக்கம் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நான் எழுந்து போனேன். "மூலக்குளத்து டீச்சர் விடியக்காலயில போயிட்டாங்களாம்மா" என்றார். தனலட்சுமி டீச்சரை அவர் ஊர்ப் பெயரால்தான் சொல்வார். திரும்பி வந்து, பாதியில் நின்ற பாடத்தை முடித்தேன். எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. பிறகு வராந்தாவின் கோடியில் போய் நின்றுகொண்டேன். அவர் உடம்பு சரியில்லாமல் இருந்தது தெரியும். ஆனாலும் பொங்கலுக்குப் பிறகு வேலைக்கு வந்துவிடுவார் என்றே நினைத்திருந்தேன்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? பதிவேட்டை ஒழுங்காக எழுதமாட்டார், பஸ்ஸைத் தவறவிட்டு வாரத்தில் இரண்டு நாளாவது தாமதமாக வருவார், கோபம் வந்தால் மூன்று நாள் பேசமாட்டார் என்பதெல்லாம் உங்களுக்கும் தெரிந்தவைதான். நான் சொல்ல வந்தது ஒரு விஷயத்தைத்தான். அதில் தவறு செய்தவள் நான்.

பிரெஞ்சுக்காரர்கள் போன மறு வருடம் நான் விழுப்புரத்திலிருந்து இங்கே வந்தேன். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் கையில் இருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே வயது. நான்காம் வகுப்பின் இரண்டு பிரிவுகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோம். அவர் முதல் வகுப்பிலிருந்தே பிரெஞ்சில் படித்தவர். தமிழில் பாடம் நடத்துவது அவருக்குப் புதிது. சென்னையிலிருந்து வந்த புதுப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே, "இந்தச் சொல்ல எப்பிடிச் சொல்லித் தருவீங்க, சரோஜா?" என்று என்னிடம் கேட்பார். எனக்கு அதில் பெருமை. இவருக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் கல்வி அதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்வையிட வந்தார். என் வகுப்பில் ஏற்றம் இறைப்பதைப் பற்றிய பாடம். ஒருவர் ஏற்றமரத்தின் மேல் நடக்க, இன்னொருவர் கிணற்றோரம் நின்று சால் என்னும் பெரிய வாளியைப் பிடித்து நீர் இறைப்பார். பிள்ளைகள் தடங்கல் இல்லாமல் வாசித்தார்கள். அதிகாரி தலையசைத்தார். நான் இரண்டு மாதம் அதற்குத்தான் பாடுபட்டிருந்தேன். அப்புறம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உச்சிப்பொழுதில் ஏற்றக்காரன் பாட்டை நிறுத்தினான் என்று வருகிறதே, ஏன் நிறுத்தினான்?

கடற்கரைக் குப்பத்திலிருந்து வரும் அஞ்சலை மட்டும் எழுந்தாள். "தொண்ட கட்டிக்கிச்சி சார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதிகாரி மேலும் சிலரைக் கேட்டார். வாசிக்கிறார்கள், விளங்கிக்கொள்வதில்லை என்று எழுதினார். மந்தமான பிள்ளைகளை அதே வகுப்பில் இன்னொரு வருடம் வைப்பது நல்லது என்றும் சொல்லிப் போனார். தலைமையாசிரியர் பட்டியல் கேட்டார். நான் ஒன்பது பேர் எழுதிக் கொடுத்தேன். ஒன்பது பேரும் குப்பத்துப் பிள்ளைகள். இவர்களுக்கு இவ்வளவுதான் ஏறும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

மீன் கூடையோடு பள்ளி வழியாகப் போகும் அஞ்சலையின் அம்மா கன்னியம்மா, மறுநாள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு என்னைத் தேடி வந்தார். அதே வகுப்பில் மறுபடி உட்கார வைத்தால் அவள் அப்பா பள்ளிக்கு அனுப்பமாட்டார், கருவாடு காயவைக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்றார். நான் விதிகளைச் சொன்னேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தனலட்சுமி டீச்சர் அவரை அழைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆசிரியர் அறையில் எங்கள் எல்லோரிடமும் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். தலைமையாசிரியருக்கும் ஒன்று. அதில் இருந்தது இவ்வளவுதான்: "கச்சான் அடித்தது. விடிவதற்குள் வலை போட்டோம். மடி கனத்தது. நாலு பேர் போதவில்லை. நல்ல பாடு." கீழே மூன்று கேள்விகள். கச்சான் என்பது என்ன? மடி எது? அன்று அந்த வீட்டில் சிரிப்பா, அழுகையா?

எல்லாம் தெரிந்த சொற்கள்போலத்தான் இருந்தன. நான் தடங்கல் இல்லாமல் வாசித்தேன். தலைமையாசிரியர் கச்சான் ஒரு மீன் என்றார். யாரோ ஒருவருக்குக் கடலில் அடிபட்டிருக்கிறது, மடியில் கிடத்தித் தூக்கி வருகிறார்கள், பெரும்பாடு பட்டிருக்கிறார்கள், ஆகவே அழுகைதான் என்று நான் எழுதினேன்.

டீச்சர் வெளியே நின்ற அஞ்சலையைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தார். அவள் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வாசித்தாள். என்னைவிட நாலு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "கச்சான்னா மேக்கால இருந்து வர்ற காத்து. மடின்னா வலையோட அடி, மீனு வந்து சேர்ற எடம். பாடுன்னா கெடச்ச மீனு. அன்னிக்கி எல்லா ஊட்லயும் சிரிப்புதான்."

தனலட்சுமி டீச்சர் முகத்தில் கேலி இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "என்னயும் சேத்து நம்ம எல்லாரயும் இன்னொரு வருஷம் இதே வகுப்புல ஒக்கார வெச்சிடலாமா, சார்?"

தலைமையாசிரியர் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார். கோடை விடுமுறைக்கு முன் இன்னொரு தேர்வு வைப்பதாக ஒப்புக்கொண்டார்.

எனக்கு அவமானமாக இருந்தது. மூன்று நாள் பேசாமல் இருந்தது இந்த முறை நான்தான். நான்காம் நாள் அவரே என் மேசைக்கு வந்து தன் சொந்தக் கதையைச் சொன்னார். பிரெஞ்சு வாசகப் புத்தகத்தில் பனி பெய்கிற பாடம் ஒன்று இருந்ததாம். ஒரு பிழை இல்லாமல் வாசித்து ரிப்பன் பரிசு வாங்கினாராம். "படத்துல வெள்ளையா இருந்துச்சி. பஞ்சுன்னு நெனச்சேன். பஞ்சு கொட்டினா அந்தப் புள்ளைங்களுக்கு ஏன் கை வெறைக்குதுன்னு நான் யாரையும் கேக்கல. கேட்டா ரிப்பன புடுங்கிக்குவாங்கன்னு பயம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை இரண்டு பிரிவுப் பிள்ளைகளையும் மூலக்குளத்துக்கு நடத்திக்கொண்டு போனோம். அவருடைய அண்ணன் நிலத்தில் ஏற்றம் இருந்தது. பாட்டுத்தான் சால்களின் கணக்கு, பாட்டு நின்றால் இறைப்பு நின்றது என்று பொருள் என்பதை அங்கேதான் பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டியது மட்டும் அல்ல அவர் செய்தது. அந்த மாதம் முழுவதும் தண்ணீரைப் பற்றியே படித்தோம். ஏரி, மதகு, வாய்க்கால் தகராறு, மழை பொய்த்த கதை என்று கிடைத்ததையெல்லாம் வாசித்துக் காட்டி, பேச வைத்தோம். "தெரியாததப் பத்தி ஒரு பாடம் படிச்சா அது வெறும் சத்தம். அதப் பத்தியே நாலு படிச்சாத்தான் சேதி" என்பார். அடுத்த மாதம் கடலை எடுத்துக்கொண்டோம். அப்போது குப்பத்துப் பிள்ளைகள் பேச, நெல்லித்தோப்பிலிருந்து வரும் மற்றப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

மறுதேர்வுக்கு ஒன்பது பேரில் ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் தேறினார்கள். அஞ்சலை முதலாவதாக வரவில்லை, மூன்றாவது. மற்ற இருவர் அதற்குள் வேலைக்குப் போய்விட்டார்கள். டீச்சர் அவர்கள் வீடுகளுக்கு எத்தனையோ முறை நடந்தார். ஒருவனும் திரும்பவில்லை. ஏழு பேரைப் பற்றி யாராவது பாராட்டினால் அவர் அந்த இரண்டு பெயர்களையும் சொல்வார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனபோது மிகவும் மெலிந்திருந்தார். நோயைப் பற்றிப் பேச விடவில்லை. என்ன பாடம் ஓடுகிறது என்று கேட்டார். ரயில் பயணம் என்றேன். "எத்தினி புள்ளைங்க ரயிலப் பாத்திருக்காங்க?" என்றார். நான் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

அவரை எரித்துவிட்டு வந்த வாரத்தின் சனிக்கிழமை, பிள்ளைகளை ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அவர் இல்லாமல் அழைத்துப் போனது அதுவே முதல் முறை. வண்டி வந்து நின்றது. ஒரு சின்னப் பெண் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். இதுக்கு மேல தண்டவாளமே இல்லியே, இஞ்சின் எப்படித் திரும்பும் என்று கேட்டாள். நானும் எத்தனையோ தடவை அந்த வண்டியில் போய் வந்தவள்தான். ஒரு நாளும் யோசித்ததில்லை. முன்பானால் சும்மா இரு என்று அதட்டியிருப்பேன்.

"எனக்குத் தெரியாதும்மா. வா, கேக்கலாம்" என்றேன்.

நிலையத்தில் கொடி வைத்திருந்தவரிடம் கேட்டோம். இஞ்சினைக் கழற்றிப் பக்கத்துத் தண்டவாளம் வழியாகக் கொண்டுபோய் மறுமுனையில் மாட்டுவதை எல்லோருமாக நின்று பார்த்தோம். தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகளுக்கு முன்னால் சொல்வதற்கு எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அது தனலட்சுமி டீச்சர் எனக்குக் கொடுத்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.