தூங்கு டீச்சரும் அவர் தம்பியும்

ஏரிக்கரை விமான நிலையத்தை ஜெட் விமானங்களுக்காகப் பெரிதாக்கக் கூடாது என்று எங்கள் பகுதியில் முதலில் வாய் திறந்தவர் தூங்கு டீச்சர்தான். அதற்கு முன்னால் அவர் குரலை நாங்கள் யாரும் சரியாகக் கேட்டதுகூட இல்லை.

தூங்கு டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஓடுபாதை முடியும் இடத்துக்கு நேர் எதிர்க்கரையில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் மதியத் தூக்கம் அவர் பொறுப்பு. எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சியும் அவர் முதுகைத் தட்டத் தொடங்கினால் கண் செருகிவிடும்.

"எங்க வீட்டுக்காரரையும் ஒரு நாள் கூட்டிட்டு வரேன் டீச்சர். ராத்திரி தூங்காம என் உயிரை வாங்குறாரு" என்பாள் ஒரு குழந்தையின் அம்மா.

இதை அவர் எங்கும் போய்ப் படிக்கவில்லை. அவர் பள்ளிக்கூடம் போகிற வயதில் அம்மா இறந்துவிட்டாள். தம்பி அப்போது கைக்குழந்தை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்து நடந்து வந்த பழக்கம் அது. கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் யாரும் எடுப்பதில்லை என்றாகிவிட்டது. தம்பி வளர்ந்து, அதே விமான நிலையத்தில் விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் வேலையில் சேர்ந்தான். அக்கா கீழ் வீட்டில், அவன் மனைவி மகளோடு மாடியில்.

அப்போதெல்லாம் வந்துபோனவை விசிறி சுற்றும் சின்ன விமானங்கள். அந்தச் சத்தத்துக்குக் காப்பகத்துப் பிள்ளைகள் புரண்டுகூடப் படுக்க மாட்டார்கள். பிறகுதான் அறிவிப்பு வந்தது. ஏரிக்குள் மண் கொட்டி ஓடுபாதையை நீட்டப்போகிறார்கள், ஜெட் வரும், சத்தத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதை நிரூபிக்க ஒரு மதியம் வெள்ளோட்டமாக ஒரு ஜெட்டைத் தாழப் பறக்கவிட்டார்கள்.

பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் வீறிட்டு எழுந்தார்கள். ஒரு குட்டிப் பெண் மட்டும் அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே போய் ஒடுங்கிக்கொண்டாள். அம்மா வந்து கூப்பிடும் வரை அவள் வெளியே வரவில்லை. டீச்சர் தட்டிக்கொடுக்கப் போனபோது கையைத் தள்ளிவிட்டாள்.

அன்று மாலை தம்பி வேலை முடிந்து வந்தபோது டீச்சர் மாடிப்படியில் காத்திருந்தார்.

"பிள்ளைங்க நடுங்கிப் போச்சுங்கடா."

"முதல் நாள் அப்படித்தான்க்கா இருக்கும். போகப் போகப் பழகிடும். ஜெட் வரலைன்னா விமானக் கம்பெனி ஊரை விட்டே போயிடும்."

"அப்படிச் சொல்லித்தான் மிரட்டுவாங்க."

"மிரட்டலோ நிஜமோ, அடி விழுறது என் வயித்துலதானே?"

நகர மன்றத்தில் கருத்துக் கேட்டார்கள். நாங்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். விமான நிலையத் தொழிலாளர்கள் வேலை உடையோடு மறுபக்கம். தம்பி அவர்களுக்கு நடுவில் இருந்தான். டீச்சர் மைக் பிடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்தக் குட்டிப் பெண்ணைப் பற்றி மட்டும் சொன்னார், அதுவும் முணுமுணுப்பாக. கூடமே அசையாமல் கேட்டது. அவர் முடித்ததும் எங்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது.

"அப்ப எங்க பிள்ளைங்க?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். டீச்சர் தம்பியைத்தான் பார்த்தார். அவன் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தான்.

மன்றத்து வாக்கெடுப்பில் திட்டம் தோற்றது. தெருவெல்லாம் இனிப்பு கொடுத்தோம். டீச்சர் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். தம்பி மனைவி கதவைப் பாதி திறந்து, "அவர் படுத்துட்டார் அண்ணி" என்றாள். வெயில்கூட இன்னும் இறங்கவில்லை.

கம்பெனி சொன்னபடியே கிளம்பிவிட்டது. வாரத்துக்கு ஒன்றிரண்டு விமானங்கள்தான் மிஞ்சின. தம்பிக்கு வேலை போயிற்று. பகலில் அவன் மாடியில் நடக்கும் சத்தம் கீழே கேட்டுக்கொண்டே இருக்கும். பேச்சு மட்டும் இல்லை. கடைசியில் தொலைவில் ஒரு பெரிய நகரத்து விமான நிலையத்தில் அதே வேலை கிடைத்தது.

மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிய அன்று டீச்சர் வாசலுக்கு வந்தார்.

"மனசுல எதையும் வெச்சுக்காதடா."

"உன்னாலதான்னு நான் ஒரு நாளும் சொல்லலையேக்கா."

"சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவன் பையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்தான். "மேல குளியலறையில ஒரு குழாய் ஒழுகுது. ஆளைக் கூப்பிட்டுப் பாத்துடு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

அங்கே நாள் முழுக்க ஜெட்டுகளுக்கு அடியில்தான் வேலை. சில வருஷங்களில் அவனுக்குக் காது மந்தமாகிவிட்டது. போன் பேசினால், "என்னக்கா? என்ன?" என்பான். டீச்சருக்குக் கத்திப் பேச வராது. தம்பி மனைவி போனை வாங்கிக் கேட்டு, அவன் காதருகே உரக்கச் சொல்லுவாள். தன் வார்த்தைகள் வேறொரு வாயிலிருந்து சத்தமாகப் போவதைக் கேட்ட பிறகு, சாப்பிட்டியா, உடம்பைப் பார்த்துக்கொள் என்பதற்கு மேல் அவர் எதுவும் பேசுவதில்லை.

காப்பகத்தில் புதிதாகச் சேர்க்க வருகிற பெற்றோரிடம், "இவங்களாலதான் இந்த ஏரிக்கரை தப்பிச்சுது" என்று யாராவது சொல்வார்கள். டீச்சர் ஏதோ வேலை இருப்பது போல உள்ளே போய்விடுவார்.

மாடியை வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். "தம்பி திரும்பி வரப் போறான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அவன் அப்படிச் சொன்னதாக எங்களில் யாருக்கும் தெரியாது.