கொழுந்து கெட்டுப்போகும்

ஆம், நான்தான் செய்தேன்! ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும்படி வேண்டுமென்றே செய்தவன் நான். பழியை மழையின் மேலும் மரத்தின் மேலும் போட்டேன்.

என் தொழிலை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் துணைமின்நிலையங்களில் ரிலே என்றொரு காவல் கருவி உண்டு. மின்கம்பியில் கோளாறு வந்தால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும். எவ்வளவு மின்னோட்டத்துக்கு மேல் துண்டிக்க வேண்டும், அதற்குமுன் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று கணக்கிட்டு அதற்குள் எண்களை இடுபவன் நான். அந்த எண்களை யார் தேடிப் பார்க்கப்போகிறார்கள்?

ஏன் செய்தேன் என்கிறீர்களா? கேளுங்கள்!

நான் பள்ளியில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது, ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அம்மாவைக் குளவிகள் கொட்டின. முகமெல்லாம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தாள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அங்கே இருந்தது கொழுந்து லொறி ஒன்றுதான். என் அக்கா, தோட்டத்தின் உதவி மேலாளனான சின்ன துரையின் காலில் விழுந்தாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"கொழுந்து கெட்டுப்போயிரும். மொதல்ல பெக்டரிக்குப் போயிட்டு வரட்டும்."

லொறி திரும்பி வந்தபோது அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை.

படித்தேன். பொறியியலாளன் ஆனேன். அவனும் பெரிய துரையாகி அதே தோட்டத்துக்குத் திரும்பி வந்தான். அந்தத் தோட்டத்துக்குப் போகும் மின்தடமோ என் பொறுப்பில்!

கொழுந்தை வாட்டும் விசிறிகளும் அரைக்கும் உருளைகளும் ஒன்றாகக் கிளம்பும்போது மின்னோட்டம் சற்று எகிறும். நல்ல ரிலே அதைப் பொறுத்துக்கொள்ளும். நான் அந்தப் பொறுமையைப் பிடுங்கிவிட்டேன். இரண்டே எண்கள்... விசிறிகள் நின்றன. தோட்டத்தின் பழைய ஜெனரேட்டர் விளக்கெரிக்கத்தான் போதும். குவிந்த கொழுந்து சூடேறிச் சிவந்து நாறியது!

மேலதிகாரி கேட்டபோது, "மழைக்காலம் சேர், சவுக்கு மரம் கம்பியில முட்டுது. உயிர் போகக்கூடாதுன்னு ரிலேயைக் கொஞ்சம் இறுக்கி வச்சிருக்கேன்" என்றேன். கெட்டிக்காரன் என்று தோளில் தட்டிக்கொடுத்தார்.

ஒருநாள் துரையே தொலைபேசியில் வந்து, சிங்களத்தில் என்னை ஐயா என்று அழைத்தான். "மஹத்தயா, கொஞ்சம் பாருங்க. கொழுந்து கெட்டுப்போகுது."

அதே வாய்! அதே சொல்! என் பெயரையும் நான் பிறந்த லயத்து வரிசைவீட்டையும் சொன்னேன். "அப்படியா, நல்லது நல்லது" என்றான். அவனுக்கு ஒன்றுமே நினைவில்லை. என் வயிறு குளிர்ந்தது... இல்லை, உங்களிடம் பொய் எதற்கு, குளிரவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

அக்கா அந்தத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில்தான் வேலை செய்தாள். எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தேன்! ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு மட்டும் சீனி போட்டு, தனக்கு வெறும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டாள்.

"ஏன்டா தம்பி, நீ கரண்டு கந்தோர்லதானே இருக்க? கரண்டு இல்லன்னு பாதி நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டு அரைநாள் சம்பளம், அரைப்பேருதான் போடுறாங்க. நீயாச்சும் சொல்லிச் சரிபண்ணக் கூடாதா?"

"மழைதான்க்கா. மரம் முட்டுது. நான் என்ன பண்ண?"

நம்பினாள். பாவி நான், அந்தத் தேநீரையும் குடித்து முடித்தேன்.

பழி அவன் தலையில் விழும் என்று காத்திருந்தேன். விழுந்ததா? கொழுந்தைக் கவனிக்காமல் கெடுத்தார்கள் என்று வாட்டும் மாடிப் பெண்களை மலைக்கு அனுப்பிவிட்டான்! அக்கா இப்போது கொழுந்து பறிக்கிறாள், அதே ஏழாம் நம்பரில். அவனோ பதவி உயர்ந்து, ராகலைப் பக்கம் இன்னும் பெரிய தோட்டத்துக்குப் போய்விட்டான்.

அவன் போனதும் எண்களைச் சரிசெய்தேன். அக்காவை யார் மலையிலிருந்து இறக்குவது? அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. மத்தியானம் தொலைபேசி அடித்தால், அக்காவையும் குளவி கொட்டிவிட்டதோ என்றுதான் எடுக்கிறேன். நீங்கள் மன்னித்து எனக்கு என்ன ஆகப்போகிறது!

இந்த வாரம் ராகலைத் தடத்தின் கணக்கும் என்னிடம் வந்திருக்கிறது. அங்கேயும் வாட்டும் மாடியில் யாரோ ஒருவனின் அக்கா நிற்பாள். தெரியும்... தெரிந்தும், இன்று காலை கணக்குத்தாளில் அந்த ரிலே எண்ணைக் குறைத்து எழுதினேன்.

இன்னும் அழிக்கவில்லை.