ஒரு றேடியோவும் எட்டுப் பற்றரியும்

ஊரைவிட்டுக் கடல்கடந்து பக்குரங்காவுக்குக் குடிவந்த இரண்டாம் வருடம் என் கணவருக்குப் பைத்தியம் பிடித்தது. விமானப் பைத்தியம். பல்சா மரத்தில் மோட்டார் இல்லாத கிளைடர் செய்வார். மேட்டிலிருந்து அதை எறிந்துவிட்டு, கையிலுள்ள றிமோட் பெட்டியால் ஆட்டிப் படைப்பார். எண்பதுகளில் பாட்டனி டவுன்ஸ் பக்கம் மாடு மேய்கிற மேடுகள் இன்னும் இருந்தன. ஞாயிறு என்றால் அங்கேதான் நிற்பார். மற்ற வீட்டு ஆண்கள் சீட்டாடினார்கள், குடித்தார்கள். என்னுடையவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எது மேல் என்று எனக்கு நெடுநாளாகத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் பைத்தியத்தில் எனக்கும் ஒரு லாபம் இருந்தது. றிமோட் பெட்டிக்கு விரலளவுப் பற்றரி எட்டு வேண்டும். பெட்டியின் முகப்பில் ஒரு முள் உண்டு. அது கொஞ்சம் சரிந்தாலே எட்டையும் கழற்றிவிடுவார். பறக்கும்போது பற்றரி செத்தால் கிளைடர் யார் சொல்லையும் கேளாதாம். அவர் கழித்துவிட்ட பற்றரி என் சின்ன றேடியோவில் பிறகும் பல நாள் ஓடும்.

அந்த றேடியோ இல்லாமல் எனக்கு ஊர் இல்லை. அம்மா யாழ்ப்பாணத்தில் தனியே இருந்தா. வீட்டில் போன் கிடையாது. சண்டை மூண்டபிறகு கடிதமும் குறைந்து, கடைசியில் நின்றே போனது. சிற்றலையில் தமிழ்ச் செய்தி நாளுக்கு ஒருதரம், பத்து நிமிடம் பிடிபடும். சுவர் மின்சாரத்தில் பூட்டினால் இரைச்சல்தான் கேட்கும். ஆகவே பற்றரி போட்டு, பின்கதவுப் படியில் உட்கார்ந்து, றேடியோவை அப்படியும் இப்படியும் திருப்பிக் கேட்பேன்.

இந்த ஒழுங்கைக் குழப்பியவர் மலேசியாவிலிருந்து வந்த நண்பர் ஒருவர். அவருக்கும் இதே பைத்தியம்.

"எதுக்கு அண்ணே மாசா மாசம் பேட்டரி வாங்குறீங்க? நிக்கல் காட்மியம் போடுங்க. சார்ஜ் பண்ணிப் பண்ணி வருஷக்கணக்கா ஓட்டலாம்."

சும்மா நம்புகிற ஆளா என்னவர்? சாப்பாட்டு மேசையில் மூன்று டோர்ச் பல்புகளைப் பூட்டினார். ஒன்றுக்கு வழக்கமான பற்றரி, ஒன்றுக்கு நிக்கல் காட்மியம், ஒன்றுக்குத் திருடன் நுழைந்தால் அலறுகிற மணிக்குப் போடுகிற ஈயப் பற்றரி. அந்த வாரம் முழுக்க நான் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். ஈயம் நன்றாகத்தான் எரிந்தது, ஆனால் றிமோட் பெட்டியோடு அதைக் கழுத்தில் தொங்கவிட்டு நிற்பதும் அம்மிக்கல்லைத் தொங்கவிட்டு நிற்பதும் ஒன்று. சாதாரணப் பற்றரி பிரகாசமாகத் தொடங்கி, மெல்ல மெல்ல மங்கியது. நிக்கல் காட்மியம் கொஞ்சம் குறைவாகத் தொடங்கினாலும் கடைசிவரை ஒரே சீராக எரிந்து, சட்டென்று அணைந்தது.

"பாத்தீரோ? கடைசி மட்டும் ஒரே பலம்," என்றார், தானே பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல.

"அப்ப என்ரை றேடியோ?"

"உமக்கும் இதிலை நாலு தாறன்."

எட்டை ஒன்றாக ஈயம் பற்றவைத்து, மேலே பிளாஸ்டிக் உறை இழுத்து, ஒரே கட்டாக்கிப் பெட்டிக்குள் வைத்தார். பழைய பற்றரிக் கூட்டைக் குப்பையில் எறிந்தார். அவ்வளவு நம்பிக்கை.

அந்தக் குளிர்காலம் முழுக்க என் இஸ்திரிப் பலகையில் ஒரு புதுக் கிளைடர் வளர்ந்தது. இரண்டு ஆள் கை விரித்த அகலம். ஞாயிறு முதல் பறப்பு. மேட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, நான் படியில் இருந்து செய்தி கேட்டேன். குரல் கணீரென்று வந்தது. "யாழ்ப்பாணத்தில் இன்று..." என்றது. அதோடு நின்றது.

மங்கவில்லை, கரகரக்கவில்லை. ஒரேயடியாகச் செத்துப்போனது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. அவருடைய பற்றரியையும் பல்பையும் பரம்பரையையும் சேர்த்துத்தான் திட்டியிருப்பேன். ஊர்ப் பெயர் செய்தியில் வந்தால் நல்லதுக்காக இருந்ததில்லை. அம்மா இருக்கிறாவோ இல்லையோ என்பது அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தது.

அவர் றிமோட் பெட்டியைத் திறந்து பற்றரிக் கட்டை வெளியே இழுத்தார். கத்தியால் உறையைக் கிழித்தார். "எட்டும் குடுத்தா றேடியோ எரிஞ்சுபோம், நாலு காணும்," என்று முணுமுணுத்துக்கொண்டு இடையிலே கத்தியை விட்டு நெம்பினார். ஒட்டு அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டு வயர்த் துண்டுகளை வைத்து, படியில் குந்தி, றேடியோவின் உள்ளே விரலால் அழுத்திப் பிடித்தார். குரல் வந்தது. விரல் அசைந்தால் குரல் போனது. அதனால் அவர் அசையவில்லை.

விளையாட்டுச் செய்தி. பிறகு வானிலை. கடைசியில் தலைப்புச் செய்திகளை மறுபடி சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் இன்று தபாற்கந்தோர்கள் மீண்டும் திறந்தன.

அவ்வளவுதான். இனிக் கடிதம் வரும். நான் முழங்காலில் முகத்தை வைத்து அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார், "கை விறைச்சுப்போச்சு. விடட்டோ?"

மறுநாள் மேட்டில் நல்ல காற்று. என் கோட்டைப் பிய்த்தெடுக்கிற காற்று. அறுந்த ஒட்டை அன்றே பற்றவைத்திருந்தார், ஆனாலும் ஒருதரம் முழுதாகச் சோதிக்காத பற்றரிக் கட்டை வைத்துக் கிளைடரை எறிவதில்லை என்பது அவர் சட்டம். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் அறுந்தது என்று கேட்பார்கள்.

"என்னாண்ணே, இன்னும் விடலியா?" என்றார் மலேசிய நண்பர்.

"காத்துக் காணாது," என்றார் என்னவர், தலைமயிர் எல்லாம் பறக்க.

திரும்பும் வழியில் டெய்ரி என்கிற மூலைக்கடையில் காரை நிறுத்தி உள்ளே போய் வந்தார். நாலு சாதாரணப் பற்றரியை என் மடியில் போட்டார்.

"உமக்கு இதுதான் சரி. இது மங்கி மங்கி, சாகப்போறன் எண்டு முன்னமே சொல்லும்."

இரண்டாகக் கழற்றிப் பின்சீட்டிலிருந்து முன்னுக்கு நீட்டி வைத்த கிளைடரின் இறக்கை என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. வீடு வரும்வரை நான் அதைத் தள்ளிவிடவில்லை.