சிக்குப் பிடித்த டிரம்

காளைப் பண்ணையின் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. காளைகளின் விந்தை உருப்பெருக்கியில் பார்த்து, தேறியதைச் சினை ஊசிக்கான குச்சிகளில் உறைய வைக்க அனுமதிப்பாள், தேறாததைக் கொட்டிவிடுவாள். நல்ல விந்து கண்ணாடித் தகட்டில் உலை கொதிப்பதுபோல் புரளும். அன்றைக்கு ஆறிப்போன கஞ்சிபோல் கிடந்தது. வால் சுருண்ட அணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துடித்தன.

ஒரு காளை என்றால் உடம்பு சரியில்லை என்று விட்டிருப்பாள். எட்டுக் காளைக்கும் அதே கதி. மூன்று வாரத்துக்கு முன்பு, விந்து இப்படிக் கிடந்ததால்தான் ‘பெரியவர்’ என்று எல்லோரும் அழைத்த மூத்த காளையை, வயசாகிவிட்டது என்று மேலாளர் கறிக்கு அனுப்பியிருந்தார்.

வெயில், தண்ணீர், காய்ச்சல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் தீவனக் கொட்டகைக்குப் போனாள். காளைகளுக்குத் தினமும் தீவனத்தில் கொஞ்சம் மீன் எண்ணெய் கலப்பது வழக்கம்; அந்தக் கொழுப்பு விந்தணுவுக்கு நல்லது. டிரம்மின் மூடியைத் திறந்தாள். சிக்கு நாற்றம் முகத்தில் அறைந்தது. உள்ளே தார்போல் கறுத்த, பல தடவை பொரித்துக் கழித்த எண்ணெய். மேலே கருகிய தூளும் செத்த கரப்பான்களும் மிதந்தன. ஓரத்தில் யாருடைய விரலிலிருந்தோ கழன்ற பிளாஸ்திரி.

"இது எப்போலருந்து சார் போடுறீங்க?"

"மூணு மாசம் இருக்கும்," என்றார் மேலாளர். "கொழுப்புன்னா கொழுப்புதானேம்மா. மாடு என்ன ருசி பார்த்தா திங்குது?"

"கெட்டுப்போன எண்ணெய் சார். விந்தணுவையே அரிச்சிருக்கு."

அவர் சிரித்தார். விரலை டிரம்முக்குள் விட்டு நக்கினார். "பாரு, எனக்கு என்ன ஆச்சு? எனக்கு மூணு பிள்ளைங்க." ஈர விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அவள் வெளியே ஓடிச் சுவரோரம் வாந்தியெடுத்தாள். திரும்பி வந்தபோது அவர் பதிவேட்டோடு நின்றார்.

"ஓட்டம் எழுபதுன்னு போட்டு அனுப்பிடு. யார் எண்ணிப் பார்க்கப் போறாங்க?"

"நூத்துக்கு முப்பதுதான் ஓடுது சார். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க."

"பெரிய அரிச்சந்திரி."

அவள் அன்றைய விந்து முழுவதையும் கொட்டினாள். பதிவேட்டில் முப்பது என்றே எழுதிக் கையெழுத்திட்டாள். ஒரு புட்டியில் அந்த எண்ணெயை அடைத்து, பேருந்து ஏறி, தலைமைக் கால்நடை மருத்துவரின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். அவர் மூடியைத் திருகியதும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

வீட்டில் கணவன் மூக்கைப் பொத்தினான். "என்னடி, எங்க விழுந்து எழுந்திரிச்சு வர்ற?" மூன்று தடவை குளித்தாள். நாற்றம் போனது, அந்த நக்கல் போகவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பெரியவர் வயசாகிச் சாகவில்லை.

டிரம்மைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். புது விந்து ஊறி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். எழுபதாவது நாள் ஏழு தகடுகளில் கொதி வந்தது; ஒன்றில் கடைசிவரை வரவில்லை.

மேலாளரை வேறு பண்ணைக்கு மாற்றினார்கள். அங்கேயும் தீவனப் பொறுப்புதான் என்று கேள்விப்பட்டபோது அவள் தரையில் காறித் துப்பினாள். பிறகு அந்தப் பண்ணை ஆய்வகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவள் முன்பின் தெரியாதவள்.

"அக்கா, உங்க தீவனக் கொட்டகை சாவி யார்கிட்ட இருக்கு?" என்று இவள் கேட்டாள்.