சோபியா குறைக்காத மாத்திரை

சுண்ணாம்புக்குளம் சோபியாவும் நானும் இருபது வருடமாக ஒன்றாக ஏரியில் இறங்குகிறவர்கள். பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்போம். மூன்று வருடத்துக்கு முன் அவள் தன் தம்பி ஞானதாசுக்கு ஒரு கிட்னி கொடுத்தாள். சில மாதம் கழித்து மறுபடியும் தண்ணீரில் வந்து நின்றாள்.

"இன்னாடி, பாரம் கொறஞ்சி மெதக்கிறியா?" என்றேன்.

"ஒரு பக்கமா சாயறேன்டி" என்று சிரித்தாள்.

அவனுக்கு வைத்த கிட்னியை உடம்பு தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மாத்திரை தினமும் உண்டு. ஒரு வேளை தவறினாலும் கிட்னி போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஞானதாஸ் கல்யாணம் ஆகாதவன், அக்கா வீட்டில்தான் இருந்தான். சோபியா மாத்திரையை அவன் கையில் தரமாட்டாள். ஜெபம் பண்ணி, காலையில் ரெண்டு, ராத்திரி ரெண்டு என்று அவளே வாயில் போடுவாள்.

போன ஐப்பசியில் அவனுக்குக் காமாலை வந்தது. கிறிஸ்மஸ் போயும் கண்ணில் மஞ்சள் போகவில்லை. சென்னையில் டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார்.

"இது கெட்ட தண்ணியில வர்ற கிருமிம்மா. மத்தவங்களுக்குத் தானாப் போயிடும். இவரு சக்திய நாமளே அடக்கி வெச்சிருக்கோம், அதான் போவல. ரெண்டு மாத்திரைய ஒண்ணாக் கொறைங்க. அப்பவும் போவலன்னா கிருமிக்கு மருந்து தர்றேன். கிட்னிக்குக் கொஞ்சம் பயம்தான். ஆனா ஈரல் போனா ஆளே போயிடுவாரு."

சோபியா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து ரெண்டாகவே கொடுத்தாள். திரும்பவும் வரச்சொன்ன நாளை மழை, காய்ச்சல் என்று தள்ளிப்போட்டாள். எங்கள் யாருக்கும் இது தெரியாது.

மாசியில் அவனுக்கு வயிறு வீங்கியபோதுதான் போனார்கள், நானும் துணைக்குப் போனேன். டாக்டரம்மா ரத்தச் சீட்டைப் பார்த்து, "மாத்திரை கொறையவே இல்லியே?" என்றார். சோபியா அங்கேயே அழுதுவிட்டாள்.

"கிட்னி போயிடும்னு நெனச்சேன்மா. பாவி நான்."

வெளியே வந்ததும் ஞானதாஸ் அவள் தோளைத் தொட்டான்.

"எனக்குத் தெரியும்க்கா. ஒண்ணா ரெண்டான்னு நாக்குக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன்டா முழுங்கினே?"

"நீ குடுக்கறத வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலக்கா."

அதற்குப்பிறகு மாத்திரையைக் குறைத்தார்கள், கிருமிக்கும் மருந்து கொடுத்தார்கள். சபையில் மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தோம். கர்த்தர் சித்தம் வேறாக இருந்தது. ஈரல் தாங்கவில்லை. ஈஸ்டருக்கு அடுத்த வாரம் அவனை அடக்கம் பண்ணினோம்.

கல்லறையிலிருந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் சோபியா எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மண்ணைப் பார்த்தபடியே பேசினாள்.

"கிட்னி மட்டும் கடைசி வரைக்கும் நல்லா வேலை செஞ்சுதாம்டி. டாக்டரம்மா சொன்னாங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.