சிடாம் கிரியில் ஒரு பதினாறாம் நாள் சாப்பாடு

ஊழியத்துக்கு வெளிநாடு போகிறேன் என்றதும் சாயர்புரத்தில் எல்லோரும் விமானத்தைத்தான் நினைத்தார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். மலேசியாவின் கெடா மாநிலத்துக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. அதில் பாதியைப் பஸ் நிறுத்தத்தில் கழித்திருக்கிறேன். நம் ஊரைப் போல ஒன்று போனால் இன்னொன்று வரும் என்று கனவு காணாதீர்கள். இங்கே வீட்டுக்கு வீடு கார் அல்லது மோட்டார் சைக்கிள் இருக்கிறது. பஸ்ஸை நம்பியிருப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகளும், வெளிநாட்டுத் தொழிலாளர்களும், என்னைப் போன்ற ஊழியக்காரர்களும்தான்.

"நானும் ஒரு வருடம் வந்து சேவை செய்யலாமா சிஸ்டர், எப்படி இருக்கும்?" என்று கேட்டு அவ்வப்போது சிலர் எழுதுகிறார்கள். அவர்களுக்காக, போன மாதம் நான் இருக்கும் லூனாஸிலிருந்து சிடாம் கிரி தோட்டத்துக்குப் போய்வந்த ஒரு சனிக்கிழமையை எழுதுகிறேன். இதைப் படித்த பிறகும் வரத் தோன்றினால் தாராளமாக வாருங்கள்.

முதலில் அன்றாடம். லூனாஸில் ஜெபக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை எனக்கு. காலையில் வீடு சந்திக்கக் கிளம்புவேன். இங்கே பாதிப் பேர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினால், இரவெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்தவரை எழுப்பிவிடுவீர்கள். வந்த புதிதில் லூனாஸ் முழுவதையும் நான் எழுப்பிக்கொண்டிருந்தேன். "நைட் ஷிப்ட்லா சிஸ்டர்" என்று ஒற்றைக் கண்ணைத் திறந்து சொல்வார்கள். அப்படியும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து மைலோ கலக்கித் தருவார்கள். அந்த மைலோவைக் குடிப்பதைப் போலக் கூச்சமான காரியம் வேறு இல்லை.

சாப்பாடு இன்னொரு சோதனை. படையல் சாப்பாட்டைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் எங்கள் ஊர்ச் சபை என்னை அனுப்பியது. இங்கேயோ ஒரே குடும்பத்தில் சிலர் கோயிலுக்குப் போவார்கள், சிலர் ஜெபத்துக்கு வருவார்கள். எது சாமிக்கு வைத்தது என்று கேட்கவும் கூச்சம், கேட்காமல் சாப்பிடவும் பயம். ஆகவே வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பித்து வந்தேன். இந்த ஒன்றரை வருடத்தில் என் வயிற்றுக்கு வராத நோவு கிடையாது.

லெட்சுமி அக்கா லூனாஸ் சபையைச் சேர்ந்தவர். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஆறு வருடத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தார். அன்றிலிருந்து அவருடைய ஒரே அண்ணன் சுப்பையா அவரோடு பேசுவதில்லை. அம்மா மட்டும் மகனுக்குத் தெரியாமல் போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா இறந்துவிட்டார். அக்கா சிடாம் கிரியில் அண்ணன் இருக்கும் இழவு வீட்டுக்குப் போய், கூடாரத்துக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் பதினாறாம் நாள் சாமி கும்பிடுவதற்கு வரச் சொல்லி அண்ணியிடமிருந்து ஒரு போன் வந்தது.

"தனியா போக பயமா இருக்கு சிஸ்டர், நீங்களும் வாங்களேன்" என்றார் அக்கா. "இந்தத் தடவையும் அண்ணன் மொகத்தத் திருப்பிக்கிட்டா, அம்மா வீடுன்னு சொல்லிக்க எனக்கு ஒன்னும் இல்லலா. நீங்களும் வருவீங்கன்னு அண்ணிகிட்ட சொல்லிட்டேன்."

அந்த வாரம் எனக்கு இருந்த அசதிக்கு, சனிக்கிழமை முழுவதும் படுத்தே கிடக்க வேண்டும் போலிருந்தது. அதை ஆண்டவரிடம் சொன்னேன். அக்காவிடம் சொல்லவில்லை.

லூனாஸில் எட்டு மணி பஸ் எட்டே முக்காலுக்கு வந்தது. சுங்கைப் பட்டாணி சுமார் முப்பது கிலோமீட்டர். டிக்கெட் ஐந்து வெள்ளிக்குள் முடிந்துவிடும்; ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்பார்கள். வழியெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, நடுநடுவே கொஞ்சம் ரப்பர், மறுபடியும் செம்பனை. அக்கா மடியில் ஆரஞ்சுப் பழப் பையை வைத்துக்கொண்டு வந்தார். சுங்கைப் பட்டாணியில் கைபேசியில் கூப்பிடும் கிராப் வாடகைக் கார் எடுத்தோம், பதினெட்டு வெள்ளி. ஓட்டுநர் தமிழ்த் தம்பி.

"சிஸ்டர் இந்தியாவா? கோயில் பாக்க வந்தீங்களா?"

ஊழியத்துக்கு வந்திருக்கிறேன் என்றேன். மாதம் எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன்.

"அதுக்கு நீங்க கிராப் ஓட்டலாம்லா சிஸ்டர்" என்றார், மிகுந்த அக்கறையோடு.

தோட்டத்துக்குள் போகிற செம்மண் பாதையில் முந்தின நாள் மழை. கெரெத்தா, அதாவது கார், சிக்கிக்கொள்ளும் என்று அவர் முகப்பிலேயே இறக்கிவிட்டார். உள்ளே ஒரு கிலோமீட்டர் நடை. வீடு நெருங்க நெருங்க அக்காவின் நடை குறைந்தது. "திரும்பிப் போயிடலாமா சிஸ்டர்" என்று இரண்டு முறை கேட்டார். எனக்கும் அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது கும்பிட்டு முடித்திருந்தார்கள். அம்மாவின் படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்திருந்தார்கள்: கருவாட்டுக் குழம்பு, முட்டை, ஒரு பொட்டலம் மீ கோரெங் நூடுல்ஸ், வெற்றிலை, ஒரு போத்தல் கறுப்பு பீர். சுப்பையா அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர், ஆகிருதியான ஆள். கொள்ளி வைத்தபோது எடுத்த மொட்டையில் முடி இப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்து "வாங்க" என்றார். தங்கையின் பக்கம் அவர் கண் போகவில்லை. அக்கா கூடாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இலை போட்டார்கள். நான் வழக்கம்போல வயிற்றைத் தடவத் தயாரானேன். அதற்குள் அண்ணன் வீட்டுக்குள் போய் மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"படையல் போடறதுக்கு முன்னுக்கே தனியா எடுத்து வெச்சிட்டோம் சிஸ்டர். சாமிக்கும் காட்டல, அம்மாவுக்கும் வைக்கல. நீங்க ரெண்டு பேரும் சாப்பிடலாம்."

"கரண்டிகூட வேற" என்றார் அண்ணி. "வேலையில ஒரு சர்ச்சுக்காரர்கிட்ட விவரம் கேட்டுட்டு வந்து, காலையிலேருந்து அடுப்படியிலயே நின்னுக்கிட்டு இருந்தாரு, எதுவும் கலந்துறக் கூடாதுன்னு."

எங்கள் விதியை எங்களைவிட ஒழுங்காக ஒருவர் கடைப்பிடித்திருக்கிறார், அதுவும் ஆறு வருடமாகப் பேசாத தங்கைக்காக. வந்த வேலை முடிந்தது, இனி நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று நான் நினைத்தேன். லெட்சுமி அக்கா கேரியரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, அம்மாவுக்கு வெச்சதுல எனக்குக் கொஞ்சம் போடுங்க" என்றார்.

"ஒங்க சர்ச்சுல ஒன்னும் சொல்ல மாட்டாங்களா?" என்று அண்ணன் கேட்டார். கேள்வி தங்கைக்கு, பார்வை என் மேல். எல்லோருமே என்னைத்தான் பார்த்தார்கள்.

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். வேத வசனங்கள் அதிகார எண்ணோடு மனப்பாடம். அதில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை. அசதியா, பயமா, அக்காவின் முகமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எனக்கு கேரியர்ல உள்ளதப் போடுங்கண்ணே. அக்காவுக்கு அவங்க கேக்கறதப் போடுங்க" என்றேன்.

அண்ணன் வேறு யாரையும் பரிமாற விடவில்லை. பக்கத்துப் பக்கத்து இலையில் எங்களை உட்கார வைத்து, எனக்குக் கேரியரிலிருந்தும் அக்காவுக்கு அம்மாவின் படத்துக்கு முன்னாலிருந்தும் அவரே எடுத்துப் போட்டார். கருவாட்டுக் குழம்பை ஊற்றும்போது அக்கா "போதும்ணே" என்று கையை நீட்டினார்.

"சாப்புடு. எளச்சுப் போயிட்ட" என்றார் அண்ணன்.

அக்கா அழுதுகொண்டே சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல். ஆனாலும் கெடாவில் நான் பயமில்லாமல் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான். இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

மாலையில் அண்ணன் லாரியிலேயே எங்களைச் சுங்கைப் பட்டாணி பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். மீதியிருந்த சாப்பாட்டோடு கேரியரை அக்காவின் மடியில் வைத்தார். எப்போது திருப்பித் தருவது என்று அக்கா கேட்டதற்கு, "வர்றப்ப கொண்டா" என்று சொல்லிவிட்டு லாரியைத் திருப்பினார். லூனாஸில் சபையின் பாஸ்டர் காத்திருந்தார். அவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அண்ணன் பேசிவிட்டார் என்றேன். "சாப்பாடு?" என்று கேட்டார். எனக்குத் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள் என்றேன். அவர் தலையாட்டினார். அக்காவைப் பற்றிக் கேட்கவில்லை.

வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கதவைத் தட்டுவதற்கு முன் யாருக்கு எந்த ஷிப்ட் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் போகும்போது திரும்பி வருவதற்கும் வண்டி பேசிவிட்டுப் போங்கள், உள்ளே கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது உறுதியில்லை. குடை இல்லாமல் வெளியே போகாதீர்கள். உங்களுக்குச் சாப்பாட்டு விதி ஏதாவது இருந்தால் முன்னாலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இங்கே மனிதர்கள் அதற்கும் ஒரு வழி பண்ணுவார்கள், வயிற்றைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அசதி மட்டும் தீராது. அது பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

போன சனிக்கிழமை பதினோரு மணிக்கு லெட்சுமி அக்காவைப் பார்க்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. "கேரியர்ல கேசரி செஞ்சு எடுத்துக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கு" என்றார் பக்கத்து வீட்டம்மா. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அறைக்குத் திரும்பினேன். ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்து, சாயங்காலம் வரை தூங்கினேன்.